என் ஸ்வெட்டர் மட்டும் போன ஊர்

இது ஒரு பாலைவனத்துக்குப் போய்வந்த கட்டுரையாக இருந்திருக்க வேண்டும். தென் அமெரிக்காவில், மூச்சுவிடவே சிரமப்படும் உயரத்தில் அந்த மலைப் பாலைவனம் இருக்கிறது. அங்கே வானத்திலிருந்து வரும் மில்லிமீட்டர் அலைகளைப் பிடிக்கிற தொலைநோக்கி ஒன்று நிற்கிறது. நான் அங்கே போகப்போவதாக எங்கள் ஊர் தொண்டி முழுக்கச் சொல்லியாகிவிட்டது. மதுரையில் நடைபாதையில் கம்பளி விற்கிறவரிடம் பேரம் பேசி, மெரூன் நிறத்தில் ஒரு ஸ்வெட்டரும் வாங்கியாகிவிட்டது. அதற்கப்புறம்தான் மின்னஞ்சல் வந்தது. நீங்கள் நேரில் வரத் தேவையில்லை, எங்கள் ஆட்களே அளந்து தருவார்கள், நீங்கள் இருக்கும் இடத்திலிருந்தே கணினியில் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தார்கள்.

ஆகவே நான் தொண்டியில் பஸ் ஏறி, தங்கச்சிமடம் போய்வந்தேன். எழுதுவதென்று கிளம்பியவள் ஏதாவது ஒரு பயணத்தை எழுதித்தானே ஆக வேண்டும்.

தங்கச்சிமடத்தில் ஜெசிந்தாவின் அம்மா வீடு இருக்கிறது. நானும் ஜெசியும் புனேயில் ஒன்றாக ஆராய்ச்சி செய்தவர்கள். ஒரே ஹாஸ்டல் அறை, ஒரே பக்கெட். இப்போது நான் ராமநாதபுரத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். அவள் மேலே சொன்ன அதே பாலைவனத்தில் வேலை பார்க்கிறாள். நான் சந்தைக்குப் போய்வருகிற மாதிரி அவள் அந்த மலைக்குப் போய்வருகிறாள். வேதக்கோயில் திருவிழாவுக்காக ஆடி மாதம் ஊருக்கு வந்திருந்தாள். அவளைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து என்னைத் திட்ட வேண்டாம்.

எங்கள் தொழிலையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் பால்வெளிக்கு வெளியே, எங்கோ தொலைவில் இருக்கிற விண்மீன் மண்டலங்களில் சில, ரேடியோ அலைகளைக் கொட்டிக்கொண்டே இருக்கும். ஒரே மண்டலம் நீள அலையில் ஒரு பிரகாசமும் குட்டை அலையில் வேறு பிரகாசமும் காட்டும். அந்தப் பிரகாசங்களைப் புள்ளி புள்ளியாக வைத்துக் கோடு இழுத்தால் அதன் நிறமாலை கிடைக்கும், ஆள் எப்படிப்பட்டதென்று தெரிந்துவிடும். வயதானவை நீள அலையில் பளிச்சென்று இருந்து, அலை குட்டையாகக் குட்டையாக மங்கும். பிறந்து அதிக காலம் ஆகாதவை நடுவில் மட்டும் முதுகைத் தூக்கிக்கொண்டு, இரண்டு பக்கமும் சரியும். இன்னொரு ரகமும் உண்டு. அதன் நடுவில் இருக்கிற கருந்துளை, தன் பீச்சலை நேரே நம் முகத்துக்குத் திருப்பி வைத்திருக்கும். அது ஒரு வருஷம் அடங்கிக் கிடக்கும், அடுத்த வருஷம் பிரகாசமாகப் பொங்கி ஆடும்.

நான் புனேக்குப் பக்கத்தில் இருக்கிற தொலைநோக்கியில் அளக்கிறவள். என் அலையின் நீளம் ஒரு முழம் இருக்கும். ஜெசியின் அலை எறும்பு நீளம். நான் என் முழ அலையையும் பழைய அளவுகள் சிலவற்றையும் சேர்த்து, அருமையாக முதுகு தூக்கிய ஒரு கோட்டைக் கண்டுபிடித்திருந்தேன். பிறந்த பிள்ளை. அதற்கு எண்ணும் எழுத்துமாக ஒரு பெயர் உண்டு, ஆனால் நான் பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன். என் கணக்குப்படி எறும்பு அலையில் அது அநேகமாகத் தெரியவே கூடாது. தெரியவில்லை என்று ஜெசி அளந்து சொல்லிவிட்டால் கட்டுரையை அனுப்பிவிடலாம். என் பெயர் முதலில், அவள் பெயர் எனக்குப் பின்னால். கல்லூரி வேலைக்கு வந்த பிறகு என் பெயர் முதலில் வருகிற கட்டுரை ஒன்றுகூட இல்லை. பேப்பர் திருத்தவே நேரம் சரியாகப் போகிறது. அதனால் இந்தப் பிள்ளை எனக்கு வேண்டும்.

முதல் நாள் கிளம்பும்போது உம்மா ஒரு டப்பா நிறையத் தொதல் அல்வா கட்டிக் கொடுத்தது.

"அந்த ஜெசிப் புள்ள எப்படி இருக்குன்னு பார்த்தவொடனே மாஷா அல்லாஹ்னு சொல்லு. வாயத் தொறக்காம உர்ருனு நிக்காத. கண்ணு பட்டுரும்."

எங்கள் வீடுகளில் அப்படித்தான். யாருடைய பிள்ளை கொழுகொழுவென்று இருந்தாலும், யார் புது வீடு கட்டினாலும், அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டுத்தான் பாராட்ட வேண்டும். எல்லாம் இறைவன் நாட்டம் என்று ஒப்புக்கொண்டுவிட்டால் நம் கண்ணேறு அவர்களைத் தொடாது. ஜெசி விஷயத்தில் அந்த வார்த்தை எனக்குத் தொண்டையைத் தாண்டி வந்ததில்லை. அவளுக்கு அந்த வேலை கிடைத்தபோது, "அப்படியா, நல்லது" என்று சொல்லியிருக்கிறேன்.

காரங்காட்டுக்குச் சாலை பிரிகிற விலக்கில் பஸ்ஸின் டயர் வெடித்தது. எல்லோரும் இறங்கி வேலிக்கருவை நிழலில் நின்றோம். படகுச் சவாரிக்காகக் காரங்காடு போய், சவாரி கிடைக்காமல் திரும்பிய கோயம்புத்தூர் குடும்பம் ஒன்றும் அங்கே ஆட்டோவை விட்டு இறங்கியது. "போன வாரம் எங்க மாமா வந்தப்ப ரெண்டு மணிநேரம் சுத்திக் காட்டுனாங்களாமா. நாம வந்தா தண்ணியே இல்லைங்கறாங்க" என்று அந்த அம்மாள் புலம்பினார். மீன் கூடையோடு நின்ற பெண் சொன்னார்: "ஒங்க மாமா தண்ணி ஏறுற ஏத்தத்துல வந்துருப்பாரு. நீங்க வடியிற வத்தத்துல வந்துருக்கீங்க. கடலு அதே கடலுதான்." அதை நான் காதில் வாங்கிக்கொண்டேனே தவிர, மனதில் வாங்கவில்லை. அந்த மலையில் லாமா என்கிற கம்பளி விலங்குகள் சாலையைக் கடக்கிற வீடியோ ஒன்றை ஜெசி எப்போதோ அனுப்பியிருந்தாள், அதை நினைத்துக்கொண்டிருந்தேன். எங்களைக் கடந்து ஆடுகள் போயின.

வேறு பஸ்ஸில் நின்றுகொண்டே ராமநாதபுரம், அங்கிருந்து இன்னொன்று. பாம்பன் பாலத்தில் வேன்களை நிறுத்திவிட்டு ஆட்கள் புது ரயில் பாலத்தைப் பின்னால் வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் கண்டக்டர் தலையை வெளியே நீட்டினார். "ஏலே, காத்து தள்ளிரும், வண்டிய எடுங்கலே!" ஆடிக் காற்று அவர் சொன்னதையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு போனது. யாரும் அசையவில்லை.

ஜெசி வாசலுக்கு ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். முடியைக் கழுத்துவரை வெட்டியிருந்தாள், முகம் மலை வெயிலில் செம்புப் பாத்திரம் மாதிரி மின்னியது. அழகாக இருந்தாள். உம்மா சொன்ன வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. நான் தொதல் டப்பாவை நீட்டினேன்.

சாப்பாட்டுக்கு நண்டும், பாறை மீன் குழம்பும். அவள் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து பரிமாறினார். "ஒனக்குன்னு இன்னைக்குக் கறி எடுக்கல தாயி. எல்லாம் கடலுதான், தயங்காமச் சாப்புடு." ஜெசியின் அண்ணன் காலையில் கொண்டுவந்த நண்டாம். தொண்டியிலும் நண்டு உண்டு, ஆனால் இப்படி உப்பும் புளியும் ஒன்றையொன்று மிஞ்சாத நண்டை நான் சாப்பிட்டதில்லை. அந்தப் பொறாமையையும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள்தான் அளக்கும் நாள். அங்கே இரவு என்றால் இங்கே இட்லி வேகும் நேரம். மாடி அறையில் மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்தோம். திரையில் தாடிவைத்த ஒருவர், கழுத்தில் மப்ளரும் கையில் ஆவி பறக்கும் கோப்பையுமாகத் தோன்றினார். தொலைநோக்கியை ஓட்டுகிறவர். ஜெசி அவரோடு ஸ்பானிஷில் பொரிந்து தள்ளினாள். அவ்வப்போது எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னாள்.

"காற்று அடங்கிவிட்டது, ஈரமும் குறைவு, தொடங்கலாமா" என்கிறார் அவர். "தொடங்குங்கள், முதலில் அளவு சரிபார்க்கிற கோளைப் பாருங்கள்" என்கிறாள் இவள். "அதென்ன பின்னால் சத்தம், கல்யாணமா" என்கிறார். "எங்கள் கோயில் ஒலிபெருக்கி" என்கிறாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். பூமியின் அந்தக் கோடியில் இருக்கிற ஒரு மனிதர் இவளுடைய தெருச் சத்தத்தைக் கேட்டுச் சிரிக்கிறார். எனக்கு வேறு எதைவிடவும் அதுதான் அதிகமாக எரிந்தது.

கொஞ்ச நேரத்தில் திரையில் எண்கள் வரத் தொடங்கின. ஜெசி முன்னால் குனிந்தாள்.

"ஏடி பரீ, ஒம் பிள்ள கத்துதுடி" என்று என் தோளைத் தட்டினாள்.

தெரியவே கூடாதது, கண்ணைக் கூசும்படி இருந்தது. நான் இழுத்த கோடு எங்கேயோ தரையில் கிடக்க, அவள் புள்ளி கூரையில் நின்றது. உண்மையைச் சொல்கிறேன், அந்த நொடி எனக்கு வந்தது சந்தோஷம். ஜெசி தப்புப் பண்ணிவிட்டாள் என்று நினைத்தேன். இவ்வளவு பெரிய தொலைநோக்கியை வைத்துக்கொண்டு அளவு சரிபார்க்கத் தெரியவில்லையே என்று உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி.

"எதுக்கும் இன்னொரு தடவை சரிபாரேன்" என்றேன், குரலில் தேன் தடவி.

அவள் முகம் சுளிக்காமல் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தாள். கோளைப் பார்த்தாள், பிரகாசம் மாறாத வேறொன்றைப் பார்த்தாள், மறுபடி பிள்ளையைப் பார்த்தாள். அதே இடம். பிறகு என் கோட்டைத் தன் பக்கம் இழுத்துவைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஒம் புள்ளியெல்லாம் எந்தெந்த வருசம் எடுத்ததுடி?"

முழ அலைப் புள்ளி போன வருஷம் நான் எடுத்தது. நடுவில் முதுகாக நிற்கிற புள்ளி, நாங்கள் புனேக்குப் போவதற்கும் முன்னால் யாரோ வானம் முழுக்க எடுத்த அளவு. அதற்கடுத்தது வேறொரு நாட்டுக்காரர்கள், வேறொரு காலத்தில் எடுத்தது. எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான் இது. எல்லா அலைக்கும் நேரம் கேட்டு வாங்க யாரால் முடியும்? ஏற்கெனவே அளந்து வைத்ததை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைப்போம். விண்மீன் மண்டலம் என்ன, நேற்றைக்கும் இன்றைக்குமா மாறிவிடப்போகிறது?

"மாறிருச்சே" என்றாள் ஜெசி. "ஒரு எடத்துல வத்தத்துல எறங்கி ஆழம் பாத்துட்டு, அடுத்த எடத்த ஏத்தத்துல பாத்தா, அங்கன பள்ளம் இருக்குன்னுதான தோணும்? நீ பள்ளத்தக் கண்டுபிடிக்கலடி. யாரோ ஏத்தத்துல அளந்தத எடுத்து நடுவுல வச்சிருக்க."

காரங்காடு விலக்கில் அந்த மீன்காரப் பெண் சொன்னதும் அதுதான். அங்கேயே அதை மனதில் வாங்கியிருந்தால் அத்தனை தூரம் வந்து அவமானப்பட்டிருக்க வேண்டியதில்லை. என் பிள்ளை பிள்ளையே இல்லை. நம்மைப் பார்த்துப் பீச்சிக்கொண்டிருக்கிற, அடங்குவதும் ஆடுவதுமான ஒரு பழைய கருந்துளை. முதுகு மாதிரித் தெரிந்தது, அது எப்போதோ ஒரு தடவை ஆடிய ஆட்டம். இப்போது மறுபடி ஆடுகிறது.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தோம். மீன் முள்ளைக் கவனமாக எடுக்கிறவள் மாதிரித் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். "குழம்பு ஒறைக்குதா தாயி?" என்று ஜெசியின் அம்மா கேட்டார். கண்ணில் தண்ணீர் நின்றதற்கு அதையே காரணமாக வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் கடற்கரையில் நடந்தபோது ஜெசி விஷயத்துக்கு வந்தாள். "அடுத்த வாரம் ஒனக்குப் புனேல நேரம் இருக்குல்ல?"

இருந்தது. ஒரு வருஷமாகக் கேட்டு வாங்கிய தொலைநோக்கி நேரம். என் பட்டியலில் இருக்கிற மற்றப் பிள்ளைகளைப் பார்ப்பதற்காக.

"அத முழுசா இதுக்குக் குடுடி. அதே நாளு நான் அங்கன அளக்கிறேன். ஒரே நாளு, ரெண்டு அலை. இல்லாட்டி என்கிட்ட இருக்கிறது ஒத்தப் புள்ளி. அத வச்சு ஏறுதுன்னும் சொல்ல முடியாது, எறங்குதுன்னும் சொல்ல முடியாது."

"கட்டுரையில யாரு பேரு முன்னால?" என்று கேட்டேன். வெட்கமில்லாமல் நேராகத்தான் கேட்டேன்.

நீயே போட்டுக்கொள் என்று சொல்லுவாள், அந்தப் பெருந்தன்மைக்கும் சேர்த்துக் கோபப்படலாம் என்று காத்திருந்தேன். அவள் அப்படிச் சொல்லவில்லை.

"என் பேருதான். வெடிச்சது என் அலைலதான தெரிஞ்சுச்சு? வெடிச்சதுக்குள்ள இருந்து குட்டை அலைதான் மொதல்ல வெளிய வரும். வெடிச்ச அந்தக் கெட்டிக் கொழம்பு விரிஞ்சு, மெலிஞ்சாத்தான் ஒன் அலைக்கு வழி கெடைக்கும். அதுக்கு மாசக் கணக்காகும், வருசம்கூட ஆகும். அப்ப வாரது ஒன் கட்டுரை."

பிரபஞ்சத்திலேயே ஏற்பாடு அப்படித்தான் இருக்கிறது பாருங்கள். நல்லது எதுவானாலும் முதலில் ஜெசிக்கு. மிச்சம் மீதி ஆறிப்போய் எனக்கு. "பாக்கலாம்" என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

மூன்றாம் நாள் காலை கிளம்பும்போது பையிலிருந்து ஸ்வெட்டரை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். எனக்கு உபயோகமில்லை, உனக்காவது ஆகட்டும் என்றேன். கொஞ்சம் குத்தட்டும் என்றுதான் கொடுத்தேன். அவளுக்குக் குத்தவே இல்லை. அந்தப் புழுக்கத்தில் அங்கேயே போட்டுக்கொண்டு, கையை விரித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். "இந்த வெயில்ல கிறுக்குப் புடிச்சிருச்சா ஒனக்கு?" என்று அவள் அம்மா சிரித்தார். எனக்குக் கொஞ்சம் தொளதொளவென்று இருந்த ஸ்வெட்டர் அவளுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்தது. பாம்பனிலிருந்து உச்சிப்புளிவரை எனக்கு ஒரே யோசனைதான். நான் நேரம் கொடுக்காவிட்டால் என்ன ஆகும்? வெடிப்பு அடங்கிவிடும். ஜெசியின் புள்ளி ஒற்றையாக நிற்கும். நல்ல முழு நிறமாலை அவளுக்கும் கிடைக்காது. அந்த நினைப்பு வாயில் தொதல் மாதிரி இனித்தது. அதை மெதுவாக, கரையும்வரை வைத்திருந்தேன்.

கரைந்த பிறகு என்ன மிஞ்சியது என்றால், அந்தக் கருந்துளை. அது என்னதான் செய்துகொண்டிருக்கிறது? என் அலைக்கு ஏதாவது வந்துவிட்டதா, இன்னும் இல்லையா? நான் பார்க்காவிட்டால் எனக்கும் தெரியாது, யாருக்குமே தெரியாது. அதை என்னால் தாங்க முடியவில்லை. ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ சொல்லிவிட்டு, கைபேசியிலேயே புனேக்கு எழுதினேன். பட்டியலில் இருந்த மற்றப் பிள்ளைகளை எல்லாம் எடுத்துவிட்டு, இந்த ஒன்றை மட்டும் வைக்கச் சொன்னேன். டீ நன்றாகவே இல்லை.

அடுத்த வாரம் நான் தொண்டியிலும் அவள் மலைமேலும் இருந்து ஒரே நாளில் அளந்தோம். வீடியோவில் அவள் என் மெரூன் ஸ்வெட்டரில் நின்றாள். பின்னால் தொலைநோக்கியின் வெள்ளைத் தட்டுகள் வரிசையாக நின்றன, அதற்கும் பின்னால் மரமே இல்லாத மலை. என் ஸ்வெட்டர் வெளிநாடு போய்விட்டது, நான் போகவில்லை. அவள் புள்ளி இன்னும் மேலே ஏறியிருந்தது. என் புள்ளி போன வருஷம் கிடந்த இடத்திலேயே கிடந்தது. அவள் கட்டுரை வந்தது, அவள் பெயர் முதலில். "அப்படியா, நல்லது" என்றேன்.

பிறகு நான் காத்திருந்தேன். எங்கே துண்டு நேரம் மிஞ்சினாலும் புனேயிடம் கேட்டு வாங்கி, அதே இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஐப்பசி மழையில் பார்த்தேன், ஒன்றுமில்லை. செமஸ்டர் பேப்பர் கட்டுகளுக்கு நடுவில் பார்த்தேன், ஒன்றுமில்லை. நோன்பில் விடியுமுன் ஸஹர் சாப்பாட்டை முடித்துவிட்டுப் பார்த்தேன், ஒன்றுமில்லை. மறுபடி ஆடி வந்தது. ஒரு சனிக்கிழமை காலை, என் முழ அலைப் புள்ளி கொஞ்சம் எழுந்திருந்தது. நான் நம்பவில்லை. அளவு சரிபார்க்கிற மூலத்தை இரண்டு தடவை பார்த்தேன். அது நகரவே இல்லை. அடுத்த வாரம் பார்த்தபோது பிள்ளை இன்னும் எழுந்திருந்தது.

ஜெசியை வீடியோவில் கூப்பிட்டேன். அவள் மலையில் பனி கொட்டி, தட்டுகளைத் திருப்ப முடியாமல் நாள் கணக்காகச் சும்மா உட்கார்ந்திருந்தாளாம். முகம் வாடியிருந்தது. மேலே என் ஸ்வெட்டர், முழங்கைப் பக்கம் நூல் பிரிந்திருந்தது. நான் படத்தைத் திரையில் போட்டேன். ஒரு வருஷம் தரையில் கிடந்த புள்ளிகள், கடைசியில் எழுந்து நிற்கிற இரண்டு.

அவள் திரைக்குக் கிட்டே குனிந்து பார்த்தாள். எத்தனையோ நாளாக வானத்தைப் பார்க்க முடியாதவள் அவள். எரிந்திருக்கும், எனக்குத் தெரியும், அந்த எரிச்சலில் எனக்குப் பழக்கம் அதிகம். உதட்டைக்கூட ஒரு தடவை கடித்துக்கொண்டாள்.

"மாஷா அல்லாஹ்" என்றாள். ஹாஸ்டலில் என் வாயிலிருந்து கற்றுக்கொண்டது. "மாஷா அல்லாஹ், பரீ. இது ஒன்னோடதுடி."

அடுப்படியிலிருந்து உம்மா கேட்டது. "யாரு, ஜெசிப் புள்ளையா? எப்படி இருக்காம்?"

நான் திரையைப் பார்த்தேன்.

"நல்லா இருக்கா உம்மா, மாஷா அல்லாஹ்" என்றேன். தொண்டையிலிருந்து முள்ளை எடுத்த மாதிரி இருந்தது. பிறகு ஜெசியிடம் சொன்னேன்: "அந்த முழங்கைய இன்னைக்கே தச்சு வையி. அடுத்த தடவ அதப் போட்டுக்கிட்டு அங்கன நிக்கப்போறது நான்."